அதிவேக ரயிலின் சக்கர அச்சுக்கு நடுவில், நீளவாக்கில் ஏன் துளை? அது பலவீனம் இல்லையா?

இல்லை. ரயிலின் எடையால் அச்சு சற்றே வளைகிறது. மேற்பரப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபட்டு, ஒருமுறை அமுங்குகிறது. மையத்தில் தகைவு, அதாவது உலோகத்துக்குள் எழும் இழுவிசையும் அமுக்கமும், ஏறக்குறைய சுழியம். 160 மி.மீ. விட்டமுள்ள அச்சில் 30 மி.மீ. துளையிட்டால் வளைவைத் தாங்கும் திறனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் குறையும்.

ஆபத்து வெளித்தோலில் இருக்கிறது. 920 மி.மீ. சக்கரம் 3 லட்சம் கி.மீ. ஓடினால் சுமார் 10 கோடி சுற்றுகள். கல் தெறித்த வடுவோ, துருப்புள்ளியோ, எஃகுக்குள் சிக்கிய கசடோ போதும். மயிரிழை விரிசல் தொடங்கிவிடும். 2008 ஜூலையில் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஓர் ஐசிஇ-3 அதிவேக ரயிலின் அச்சு முறிந்தது. நிலையத்தை விட்டு மெதுவாகப் புறப்பட்ட நேரம் என்பதால் பயணிகள் பிழைத்தார்கள். அதன்பின் 3 லட்சம் கி.மீ.க்கு ஒருமுறை நடந்த மீயொலிச் சோதனை 60,000-க்கும், பிறகு 30,000-க்கும் இறங்கியது.

அந்தச் சோதனைக்கு உதவுவதே இந்தத் துளை. மீயொலி உணரியை அதற்குள் செலுத்தி, சக்கரத்தைக் கழற்றாமலே, அது இறுகப் பொருந்திய இடத்திலும் விரிசல் தேடலாம். இரு சோதனைகளுக்கு இடையிலான இடைவெளியைக் கணக்கிடும்போது, ஒரு விரிசல் சோதனைக்குத் தப்பிவிட்டது என்றே வைத்துக்கொள்கிறார்கள்; அது முறிவளவுக்கு வளரும் முன் மறுபடி தேட வாய்ப்பு வரவேண்டும். அவநம்பிக்கைதான் இங்கே நல்ல பொறியியல்.