தரிசு நிலத்து மரங்களில் எவ்வளவு விறகு தேறும்?

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் புன்செய் இருக்கிறது. எட்டு ஆண்டுகள் உழாமல் விட்டதில் முள்மரம் அடைந்துவிட்டது. வரப்போரத்தில் வேறு சில பெரிய மரங்களும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றை வன்னி என்கிறார்கள். எல்லாம் சேர்த்து 18 டன் தேறும் என்று விறகு வியாபாரி மொத்த விலை பேசுகிறார். என் பங்காளியோ 35 டன்னுக்குக் குறையாது என்கிறார். யார் சொல்வது சரி? நானே எப்படிக் கணக்கிடுவது?

பதில்: ஐயா, இருவர் சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒருவர் காய்ந்த எடையையும் மற்றவர் பச்சை எடையையும் சொல்லலாம். ஒருவர் மிலாறு எனப்படும் சிறு சுள்ளிகளைத் தள்ளிவிட்டும் மற்றவர் தூர்க்கட்டையையும் சேர்த்தும் கணக்கிட்டிருக்கலாம். ஆகையால் விலை பேசுவதற்கு முன்னால், பச்சையா காய்ந்ததா, எந்தப் பருமன் வரை விறகு, தூர் சேருமா சேராதா என்ற மூன்றையும் வியாபாரியிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் மரங்களை இனம் பிரித்துவிடுவோம். நிலம் முழுவதும் அடைந்திருப்பது சீமைக்கருவேலமாகத்தான் இருக்க வேண்டும். பூவைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்; விரல் நீளத்துக்கு வெளிர்மஞ்சள் கதிராகப் பூத்து, வெளிர்மஞ்சள் நிறத்தில் இனிப்பான காய் காய்க்கும். நாட்டுக் கருவேலத்தின் பூ பொன்மஞ்சள் நிறத்தில் சிறு உருண்டையாக இருக்கும். காய் ஒவ்வொரு விதைக்கும் இடையில் இறுகி, மணி கோத்த மாலைபோலத் தொங்கும். பட்டை கறுத்து ஆழமாக வெடித்திருக்கும். பட்டை வெளுத்திருந்தால் வெள்வேல். உச்சி குடைபோல விரிந்து, காய் சுருண்டிருந்தால் குடைவேல். வன்னியை முள்ளைக்கொண்டு அறியலாம். சீமைக்கருவேலத்தில் முள் இலைக்காம்பின் அடியில் இருக்கும். வன்னியிலோ சிறு கூம்புபோன்ற முட்கள் கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் சிதறி நிற்கும். ஒரு கொப்பைக் கையில் பிடித்துப் பாருங்கள். அது வன்னிதான் என்றால் தயவுசெய்து அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். வறட்சியிலும் தழை தருகிற, மண்ணுக்கு நன்மை செய்கிற மரம் அது. வளர்வது மிக மெதுவாக. விறகுக்காக அதை வெட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வேலியோரத்தில் சாம்பல் நிறப் பட்டையோடு, கோடையில் இலையுதிர்த்து நிற்கும் பருத்த மரம் இருந்தால் அது ஒதியமாக இருக்கலாம். ‘ஒதி பெருத்தால் உத்தரம் ஆகுமா’ என்று நம்மவர்கள் சொல்வது விறகுக்கும் பொருந்தும். பச்சையில் எடை காட்டும், காய்ந்தால் இளைத்துவிடும், நின்று எரியாது. நன்கு காய்ந்துவிட்டால் எந்த விறகும் கிலோவுக்குத் தருகிற வெப்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரே அளவுள்ள கட்டையில் எவ்வளவு எடை அடங்குகிறது என்பதில்தான் கருவேலத்துக்கும் மென்மரத்துக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

இனி அளவுக்கு வருவோம். முள்காட்டை முழுவதும் எண்ண வேண்டியதில்லை. 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள கட்டம் ஏறத்தாழ ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு. அடர்ந்த இடம், நடுத்தரமான இடம், வெட்டவெளியாகக் கிடக்கும் இடம் என எல்லா வகையும் வரும்படி ஏக்கருக்கு இரண்டு வீதம் ஆறு கட்டங்களைக் கயிறு பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடர்ந்த இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் கணக்கு உங்களையே ஏமாற்றிவிடும். கட்டத்துக்குள் நிற்கும் ஒவ்வொரு தண்டையும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தையல்காரர் நாடாவால் சுற்றளவு எடுத்து, எண்ணியதில் சுண்ணாம்பு வையுங்கள். ஒரு தூரிலிருந்து ஐந்து தண்டுகள் கிளம்பியிருந்தால் அவற்றை ஐந்தாகவே எண்ண வேண்டும். 15 சென்டிமீட்டருக்கு உட்பட்டவை, 15 முதல் 30 வரை, 30-க்கு மேல் என்று மூன்று வகையாகப் பிரித்தால் போதும்.

பிறகு ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு தண்டுகளை வெட்டி, முள்கொப்பைக் கழித்து, தொங்கு தராசில் நிறுத்துப் பாருங்கள். இந்த வேலையை மட்டும் கண் மதிப்புக்கு விட்டுவிடாதீர்கள். சுற்றளவு இரு மடங்கானால், நீளம் அதேயானாலும் எடை நான்கு மடங்காகும். பருத்த தண்டு உயரமாகவும் இருக்கும் என்பதால் அதற்கும் மேலே போகும். பெரிய தண்டு ஒன்றில் எத்தனை சிறிய தண்டுகள் அடங்கும் என்பதைப் பழகிய கண்ணும் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சிறியது 2.5 கிலோ, நடுத்தரம் 10 கிலோ, பெரியது 50 கிலோ என்று உங்கள் தராசு காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆறு கட்டங்களின் சராசரியில் சிறியவை 10, நடுத்தரம் 12, பெரியவை 2 இருந்தால், ஒரு கட்டத்துக்கு 25, 120, 100 என்று மொத்தம் 245 கிலோ. நாற்பதால் பெருக்கினால் ஏக்கருக்கு 9.8 டன், மூன்று ஏக்கருக்கு 29.4 டன். இது பச்சை எடை. காய்ச்சலில் கால் பங்கு குறைந்தால் 22 டன் நிற்கும். அதிலும் மணிக்கட்டுப் பருமனுக்குக் கீழ்ப்பட்டதைத் தள்ளினால் வியாபாரியின் 18 டன்னை நெருங்கிவிடும். பச்சை எடையோடு தூரையும் சேர்த்தால் பங்காளியின் 35 டன் வந்துவிடும்.

காய்ச்சலில் எவ்வளவு குறையும் என்பதையும் நீங்களே பார்த்துவிடலாம். வெட்டியவற்றில் 10 கிலோவைத் தனியே எடுத்து, கட்டையின் மேல் கரியால் எடையையும் தேதியையும் எழுதி, மழை படாத இடத்தில் காற்றாட அடுக்கி, வாரம் ஒருமுறை நிறுத்து வாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் மந்தமாக இல்லாமல் கணீரென்று கேட்கும்.

வரப்போரத்துப் பெரிய மரங்களை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். நெஞ்சு உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், சுற்றளவு எடுங்கள். அடிமரம் 3 மீட்டர் நீளம் என்றால் அந்த இடம் ஏறக்குறைய அதன் நடுவாகவே அமைவதால், அந்த அளவையே சராசரியாகக் கொள்ளலாம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 12.57-ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். சுற்றளவு 1.10 மீட்டர், நீளம் 3 மீட்டர் என்றால் 0.289 கன மீட்டர். பச்சைக் கருவேலம் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1 டன் என்று கொண்டால், அடிமரம் மட்டும் 290 கிலோ அளவுக்கு வரும். கிளைகளை வெட்டிய பிறகு தனியே நிறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மர வியாபாரத்தில் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது வழக்கம். அப்படிப் போட்டால் இதே மரம் 0.227 கன மீட்டராகத்தான் வரும். அதாவது நூற்றுக்கு இருபத்தொன்றுக்கு மேல் குறைந்துவிடும். அறுப்பில் கழிவு போகும் என்பதால் பலகை மரத்துக்கு அந்தக் கணக்கில் ஒரு நியாயம் உண்டு. விறகில் பட்டையும் எரியும், ஓரமும் எரியும் என்பதால் அந்தக் கழிவை ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அதுவுமின்றி, வைரம் பாய்ந்த நேரான கருவேல அடிமரத்தை விறகாகத் தருவதே நட்டம். ஏர், வண்டிச் சக்கரம், கருவிப் பிடிகளுக்கெல்லாம் உதவிய மரம் அது. தச்சரிடம் முதலில் காட்டுங்கள்.

இயன்றவரை மொத்த விலை பேசாமல் டன் விலைக்கே பேசுங்கள். காலி வண்டியின் எடைச்சீட்டும் பாரத்தோடு எடுத்த சீட்டும் உங்கள் முன்னால் எடுக்கப்பட்டு, உங்கள் கைக்கு வர வேண்டும். நிலத்திலேயே மூட்டம் போட்டுக் கரியாக்க அவர் கேட்டால், விறகாக இருக்கும்போதே எடை போட்டுவிடுங்கள். நாலைந்து டன் விறகு எரிந்தால்தான் ஒரு டன் கரி கிடைக்கும் என்பதால், கரியின் எடையை விறகின் எடையோடு குழப்பிக்கொண்டு ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

தூரைப் பற்றியும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வெட்டுவதற்கு எளிது என்று முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டுப் போனால், ஒவ்வொரு தண்டிலும் பருத்த, கனமான பகுதி நிலத்திலேயே நின்றுவிடும். அடுத்த மழைக்கு அதிலிருந்தே மீண்டும் கொத்தாகத் துளிர்க்கும். நிலத்தை உழவுக்குக் கொண்டுவருவது உங்கள் எண்ணமென்றால் தூரோடு பிடுங்குவதாகவே பேசுங்கள். ஜேசிபி வாடகையைத் தூர்க்கட்டையின் எடையில் ஓரளவு ஈடுகட்டலாம். பிடுங்கிய பிறகும் மழைக்காலங்களில் நாற்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். ஆடுமாடு தின்ற காயின் விதைகள் சாணத்திலும் புழுக்கையிலும் கெடாமல் வந்து விழும் என்பதால், காய்க்கும் காலத்தில் வெளி மந்தையை அங்கே கிடை போட விடாதீர்கள். முளைத்த நாற்றுகளை ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.