கோல்ஃப் டிரைவரின் கனமா, வீச்சின் வேகமா: பந்தைத் தூரம் அனுப்புவது எது?

"மணிக்கு 90 மைல் வேகத்தில்தான் டிரைவரை வீசுகிறேன். இன்னும் கனமான டிரைவர் வாங்கினால் பந்து கூடுதல் தூரம் போகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். டிரைவர் என்றால் கோல்ஃபில் பந்தை அதிக தூரம் அடிக்க எடுக்கும் நீண்ட மட்டை. இதே சந்தேகத்தோடு நானும் ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனத்தைக் கூட்டினால் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். அந்தக் கனத்தால் வேகம் குறைந்தால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரியது.

கணக்கைப் பாருங்கள். கோல்ஃப் பந்தின் எடை விதிப்படி 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. இன்றைய டிரைவரின் தலை சுமார் 200 கிராம். இரண்டும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் தண்டோ, பிடியோ, உங்கள் தோள் பலமோ பந்துக்குப் புதிதாக எதையும் கொடுத்துவிட முடியாது. தலை மட்டும் தனியாகப் பறந்து வந்து மோதிய மாதிரிதான். ஆகவே மோதலில் பேசுவது தலையின் எடையும் அதன் வேகமும் மட்டும்.

வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் பந்தின் வேகமும் 10 சதவீதம் கூடும். தலையின் எடையை அதே 10 சதவீதம் கூட்டி 220 கிராம் ஆக்கினால் பந்தின் வேகம் ஏறுவது 1.7 சதவீதம்தான். டிரைவர் முகத்தின் துள்ளலுக்கு, அதாவது மோத வந்த வேகத்தில் எத்தனை பங்கு விலகிப் போகும் வேகமாகத் திரும்புகிறது என்பதற்கு, விதி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அது சுமார் 0.83. அந்த வரம்போடு நேராக மோதினால், டிரைவருக்குப் பதில் ரயில் எஞ்சினே வந்து இடித்தாலும் பந்து அதன் வேகத்தைப் போல 1.83 மடங்கைத் தாண்டாது. வெறும் 200 கிராம் தலையோ ஏற்கெனவே 1.49 மடங்கு வரை கொடுத்துவிடுகிறது. மிச்சம் இருக்கும் இடம் அவ்வளவுதான். கிட்டிப்புள் ஆடியவர்களுக்கு இது கையிலேயே தெரியும். உலக்கையைக் கொண்டு அடித்தவன் புள்ளைத் தூரம் அனுப்பியதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். பயிற்சித் திடலில் ஒருவர் "தலைக்குக் கனம் ஏத்துங்க, இருபது யார்டு கூடும்" என்றார். நான் இரண்டு கிராம் ஈயப் பட்டைகள் ஆறு வாங்கி டிரைவரின் அடியில் ஒட்டினேன். மொத்தம் 12 கிராம், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை அளவு. ஆனால் கையில் எடுத்ததும் வேறு மட்டை மாதிரி இருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஸ்விங் வெயிட் என்று ஓர் அளவு சொல்வார்கள்; வீசும்போது மட்டையின் தலை கைக்கு எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பது அது. தலையில் இரண்டு கிராம் ஏறினால் அது ஒரு புள்ளி ஏறும். நான் ஒரே நாளில் ஆறு புள்ளி ஏற்றியிருந்தேன்.

முதல் பத்துப் பந்து நன்றாகத்தான் இருந்தது. அடி விழும் சத்தமே கனமாகக் கேட்டது, அதில் மயங்கிவிட்டேன். பிறகு பந்துகள் வலது பக்கம் ஒதுங்கத் தொடங்கின. வேகம் காட்டும் கருவியில் பார்த்தால் 92 மைல் 89 ஆகியிருந்தது. அந்த எடையால் வந்த லாபம் பந்து வேகத்தில் ஒரு சதவீதம், வேகம் குறைந்ததில் போனது மூன்று சதவீதம். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

என் பையைத் தூக்கி வரும் அண்ணன்தான் அதைச் சரியாகப் பிடித்தார். "சார், தலை லேட்டா வருதுங்க. வேகத்தை விடுங்க, பந்து எங்க படுதுன்னு முதல்ல பாருங்க" என்று சொல்லி, மறுநாள் ஒரு சாக்பீஸ் கொண்டுவந்தார். அதை டிரைவரின் முகத்தில் வெள்ளையாகத் தேய்த்துவிட்டு அடித்தால், பந்து பட்ட இடத்தில் பொடி கலைந்து வட்டமாக ஒரு தடம் தெரியும். என் தடங்கள் எல்லாம் தண்டை ஒட்டிய பக்கத்தில் கொத்தாக விழுந்திருந்தன. ஒவ்வொரு பட்டையாக உரித்துக்கொண்டே வந்தோம். நான்கு பட்டை போனபின் தடங்கள் நடுவுக்கு நகர்ந்தன. அன்று காலை நான் கற்றது வேறு எந்தப் பாடத்தைவிடவும் பெரியது. 90 மைலில் நடுமுகத்தில் பட்ட அடி, 93 மைலில் ஓரத்தில் பட்ட அடியைத் தாண்டிப் போகிறது.

அதற்காக இறகு மாதிரி மட்டையை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். ரொம்பவும் இலேசானால் தலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது, மேலிருந்து அவசரமாகக் கீழே இழுத்துவிடுவோம். ஒரு காலத்தில் மரத் தலையும் 120 கிராம் எஃகுத் தண்டுமாக இருந்த டிரைவர், இன்று 50, 60 கிராம் கார்பன் தண்டோடு மொத்தமே 300 கிராம் சொச்சத்தில் நிற்கிறது. கவனித்தால், தயாரிப்பாளர்கள் தண்டில்தான் எடையைக் குறைத்தார்கள். தலை 200 கிராம் பக்கத்திலேயே இருக்கிறது. நீளத்தைக் கூட்டுவதும் இதே கதைதான்: வேகம் கொஞ்சம் வரும், நடுவில் படுவது குறையும்.

உங்கள் 90 மைலுக்கு நான் பார்க்கச் சொல்வது வேறு. வீச்சில் ஒரு மைல் கூடினால் தோராயமாக இரண்டரை யார்டு கூடும். அப்புறம், பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்து (வலக்கைக்காரர் என்றால்), டீயை (பந்தைத் தாங்க மண்ணில் குத்தும் சிறு ஆணி) கொஞ்சம் உயர்த்தி, மட்டை மேல்நோக்கி ஏறும்போது அடித்துப் பாருங்கள். பந்து உயரமாகக் கிளம்பும், பின்சுழற்சி குறையும். காசு செலவில்லாமல் வரும் தூரம் இது. ஊட்டியில் ஆடிவிட்டு வந்து புது மட்டையின் மகிமை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் எந்த மட்டையாலும் அங்கே பந்து கூடுதலாகவே பறக்கும்.

புது டிரைவர் வாங்கப் போகுமுன் நான்கு ஈயப் பட்டையும் ஒரு சாக்பீஸும் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதிருக்கும் டிரைவரில் ஒரு பட்டை ஒட்டி இருபது பந்து, இரண்டு ஒட்டி இருபது பந்து. வேகமும் தடமும் மாறாத கடைசி எடை எதுவோ அதுவே உங்களுடையது. எனக்கு அது இரண்டு பட்டையில் நின்றது. இன்றும் அந்த நான்கு கிராம் என் டிரைவரின் அடியில் ஒட்டியிருக்கிறது.