ஏஐ போட்ட பூ தறியில் ஏறுமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சென்னிமலையில் ஜக்கார்டு தறி போட்டு பெட்ஷீட் நெய்கிறோமுங்க. பையன் செல்போனில் ஏஐயிடம் கேட்டு விதவிதமாக டிசைன் எடுத்துத் தருகிறான். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. தறிக்குத் துளை அட்டை அடிப்பவரிடம் கொண்டுபோனால், "இது தறியில வராதுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். எங்கே தப்பு?
– வாசகி, சென்னிமலை

பதில்: அட்டை அடிப்பவர் சொல்வது சரி. ஏஐ தருவது வெறும் படம். உங்கள் தறிக்கு வேண்டியது கட்டக் கணக்கு.

உங்கள் ஜக்கார்டு பெட்டியில் இழையைத் தூக்கும் கொக்கி 240, அங்குலத்துக்கு 60 பாவு இழை (நீளவாக்கு இழை) என்று வைத்துக்கொள்வோம். ஒரு பூவுக்குக் கிடைப்பது 4 அங்குல அகலம். அதைத் தாண்டினால் அதே பூ திரும்ப வரும். ஊடை (குறுக்கு இழை) அங்குலத்துக்கு 48 என்றால் 4 அங்குல உயரத்துக்கு 192 ஊடை, ஊடைக்கு ஒன்றாக 192 அட்டை. இதைக் கவனிக்காமல் சதுரக் கட்டத்தாளில் 240-க்கு 240 என்று வட்டம் போட்டால், துணியில் அது 4 அங்குல அகலமும் 5 அங்குல உயரமுமாக முட்டை போல இறங்கும். கட்டத்தின் அகலம் 4, உயரம் 5 என்ற விகிதத்தில் தாள் எடுத்து வரைந்தால்தான் வட்டம் வட்டமாக வரும்.

"240 கட்டத்தில் வரை" என்று ஏஐயிடமே கேட்டுப் பார்க்கத் தோன்றும். கட்டம் போட்ட மாதிரி ஒரு படம் தரும். எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். இன்னொரு சிக்கல், அது பெரிய பெரிய திட்டாக நிறம் நிரப்பும். அதை அப்படியே நெய்தால் ஊடை பத்துப் பதினைந்து பாவு இழைக்கு மேல் கட்டில்லாமல் மிதக்கும். கொலுசிலும் வளையலிலும் மாட்டி இழுக்கும். திட்டுக்கு நடுவில் எங்கே கட்டுப் போடுவது என்பது வரைபவரின் கையில்தான் இருக்கிறது.

அப்படியானால் ஏஐ எதற்கு? உரு தேடுவதற்கு. வண்ணப் படம் கேட்காதீர்கள். "ஒரே உரு, கறுப்பு வெள்ளை, நிழல் வேண்டாம், மெல்லிய கோடு வேண்டாம், இருபது மாதிரி" என்று கேளுங்கள். "பூ" என்று மட்டும் சொன்னால் உலகத்துக்கே தருகிற அதே பூவைத்தான் தரும். காங்கேயம் பக்கம் கொறங்காட்டை (மேய்ச்சல் நிலத்தை) சுற்றி நிற்கும் கிளுவை வேலியைப் படமெடுத்துக் கொடுங்கள். முள்ளும் கிளையும் பின்னிக் கிடப்பதை இருபது விதமாக எளிமையாக்கித் தரச் சொல்லுங்கள். மூன்றைத் தேர்ந்தெடுத்து, கட்டத்தாளில் கையால் வரைந்து அட்டை அடிப்பவரிடம் கொடுங்கள். இருபதில் பதினேழு தள்ளுபடியாவது இயல்புதான். அந்தத் தேர்வில் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

கேள்வி: பனியன் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறோம். எல்லோரும் ஏஐயில் டிசைன் எடுப்பதால் எங்கள் சாம்பிளும் அடுத்த யூனிட் சாம்பிளும் ஒரே சாயலில் இருக்கின்றன. சரக்கு வாங்கும் பையர் முகம் சுளிக்கிறார்.
– வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் பார்த்ததை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் இருவரும் 2024இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. 293 பேரைக் குறுங்கதை எழுதவைத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஏஐ தந்த கதைக்கருக்களைக் கொடுத்தார்கள். அவற்றைப் பெற்றவர்களின் கதைகளுக்குப் படித்தவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. ஆனால் அந்தக் கதைகள் ஒன்றுக்கொன்று அதிகம் ஒத்திருந்தன. தனி ஆளுக்கு லாபம், மொத்தத்தில் சாயல் ஒன்று. உங்கள் தெருவில் நடப்பதும் இதுதான்.

எனவே வரிசையை மாற்றுங்கள். முதல் அரை மணி நேரம் ஏஐயைத் திறக்க வேண்டாம். டிசைனர், மாஸ்டர், மெர்ச்சன்டைசர் மூவரும் தனித்தனியாக ஆளுக்குப் பத்து யோசனை எழுதட்டும். போன சீசனில் பையர் தள்ளிய சாம்பிள்களையும் தள்ளிய காரணத்தையும் அதோடு சேருங்கள். பிறகு அந்த முப்பதையும் ஏஐயிடம் கொடுத்து, "இதில் யாரும் தொடாத பக்கம் எது? இந்த இரண்டை இணைத்தால் என்ன வரும்?" என்று கேளுங்கள். பையர் அனுப்பிய ஆர்ட்வொர்க்கை மட்டும் அவர் அனுமதியில்லாமல் எந்த ஏஐயிலும் ஏற்றாதீர்கள்.

இரண்டு கணக்கு மறக்க வேண்டாம். 1024 பிக்சல் அகலப் படம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) மூன்றரை அங்குலம்கூட வராது. நெஞ்சில் 12 அங்குலம் அடிக்க 3,600 பிக்சல் வேண்டும். இழுத்துப் பெரிதாக்கினால் ஓரம் மங்கும். பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோடாக மறுபடி வரைவதே வழி. அடுத்தது நிறம். ஏஐ படத்தில் ஆயிரம் சாயல் இருக்கும், உங்களுக்கோ நிறத்துக்கு ஒரு அச்சு ஸ்கிரீன். ஆறு நிறத்துக்குள் குறைத்து, பான்டோன் நிற அட்டவணை எண் போட்ட பிறகே செலவைக் கணக்கிடுங்கள்.

கேள்வி: செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் விற்கிறேன். லேபிள் வாசகத்தை ஏஐ எழுதினால் போதுமா?
– வாசகர், காங்கேயம்

பதில்: போதாது. "இயற்கையின் வரப்பிரசாதம்" என்று எல்லா எண்ணெய்க்கும் பொருந்தும் வாசகமாகத்தான் எழுதும். கேட்காமலே "சர்க்கரையைக் குறைக்கும்" என்றும் சேர்த்துவிடும், ஆபத்து அங்கேதான். உணவு விளம்பரம், உரிமைகோரல் குறித்த 2018ஆம் ஆண்டு எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிமுறைப்படி நோயைத் தீர்க்கும் என்று போட முடியாது. 'இயற்கை', 'பாரம்பரியம்' போன்ற சொற்களுக்கும் நிபந்தனை உண்டு. கடைக்கு வருபவர்கள் எண்ணெயைப் பற்றிச் சொல்வதை ஒரு வாரம் அப்படியே எழுதிவையுங்கள். அந்தப் பேச்சைக் கொடுத்து, "புதுச் சொல் சேர்க்காமல் பத்து வரி கொடு" என்று கேளுங்கள். வந்ததை வாய்விட்டுப் படித்து, நாக்கில் இடறும் வரியை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: ஏஐ உதவியோடு செய்த டிசைனைப் பதிவு செய்ய முடியுமா?
– வாசகர், கரூர்

பதில்: வடிவமைப்புச் சட்டம், 2000இன்படி பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 பிரதிக்கு மேல் செய்துவிட்டால் பதிப்புரிமையும் போய்விடும். பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஏஐயின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எழும்போது, உங்கள் கைவரைவும் கட்டத்தாளும் தேதியோடு இருந்தால் பேச்சுக்கு வலு. அமெரிக்காவில் மனிதக் கை இல்லாத படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்பதால் அங்கே ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். டிசைன் முன்பே வெளியாகியிருந்தால் 'புதியது' என்ற தகுதி போய்விடும். அதனால் விண்ணப்பம் போட்ட பிறகே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வையுங்கள்.