உதவி செய்யும்போது இயேசுவைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி: பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. மருந்து வாங்கித் தருகிறேன், அக்கா வெளியே போகும்போது அவருக்குத் துணையாக இருக்கிறேன். "இயேசுவைப் பற்றிச் சொல்லாவிட்டால் அது வெறும் சமூக சேவைதானே?" என்கிறார் எங்கள் சபை மூப்பர் ஒருவர். சொன்னால், இதற்காகத்தான் உதவினாயா என்று அக்கா நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் பயத்தை விசுவாசக் குறைவு என்று நினைக்காதீர்கள். அந்த அக்காவின் சுயமரியாதையை மதிப்பதால் வருகிற பயம் அது.

பல வருடங்களாக மருத்துவமனை வார்டுகளில் நோயாளிகளைச் சந்தித்து வருகிறேன். படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது. கைப்பிரதியை நீட்டினால் வாங்கிக்கொள்வார், ஜெபிக்கட்டுமா என்றால் தலையாட்டுவார். அது சம்மதமா, உதவி வாங்கிய கூச்சமா என்று நமக்குத் தெரியாது. அதனால் கேட்கும்போதே, "வேண்டாம் என்றாலும் நாளைக்கும் வருவேன்" என்று சேர்த்துச் சொல்லிவிடுவேன். சிலர் நிம்மதியாக "வேண்டாம்மா" என்பார்கள். சரி என்று அவருக்குத் தலையணையைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவேன், மறுநாளும் போவேன். நீங்களும் அக்காவிடம் அப்படியே கேளுங்கள்.

இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினார் (லூக்கா 17). நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான், அவனும் யூதர்கள் அந்நியனாக ஒதுக்கிய ஒரு சமாரியன். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று அவர் கேட்டார். ஆனால் அந்த ஒன்பது பேரிடமிருந்து சுகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக லூக்கா எழுதவில்லை. அக்கா கடைசிவரை சபைப் பக்கமே வராவிட்டாலும் மருந்து போய்ச் சேர வேண்டும்.

"வெறும் சமூக சேவை" என்ற பேச்சு எனக்கு வருத்தமாக இருக்கிறது. ரோமப் பேரரசன் ஜூலியன் பழைய தெய்வ வழிபாட்டை மீட்கப் பாடுபட்டவன். கி.பி. 362 வாக்கில் அவன் ஒரு பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று குறைபட்டுக்கொண்டான். அன்றைய விசுவாசிகளின் உதவி, அவர்களை எதிர்த்தவன் கண்ணிலேயே பட்டிருக்கிறது!

அதே சமயம் மூப்பர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. "ஏன் எனக்கு இவ்வளவு செய்கிறாய்?" என்று அக்கா கேட்கும் நாள் வரலாம். அன்றைக்கு "சும்மாதான்" என்று மழுப்பாதீர்கள். 1 பேதுரு 3:15 சொல்கிறபடி, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள். உங்கள் கஷ்டத்தில் கர்த்தர் உங்களை எப்படித் தாங்கினார் என்று உங்கள் சொந்தக் கதையைச் சொன்னால் போதும், பிரசங்கம் வேண்டாம். இயேசுவை ஏற்றுக்கொண்டால் கணவர் எழுந்து நடப்பார் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நோய்க்குக் காரணம் பாவம் என்றும் சொல்லாதீர்கள். பிறவிக் குருடனைக் காட்டி சீஷர்கள் அப்படிக் கேட்டபோது இயேசு அதை மறுத்தார் (யோவான் 9).

அப்புறம், அக்கா உங்களுக்கு ஏதாவது செய்ய வந்தால் தடுக்காதீர்கள். சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் தாகத்துக்குத் தண்ணீர்தான் கேட்டார்.

கேள்வி: வேலை போய்விட்டது. கொடுக்க ஒன்றுமில்லாத நான் ஆசீர்வாதத்தை எப்படிப் பகிர்வது?

பதில்: தம்பி, "வெள்ளியும் பொன்னும் என்னிடத்திலில்லை" என்று சொன்ன பேதுரு, சப்பாணியின் வலதுகையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். உங்களிடம் இப்போது நேரம் இருக்கிறது. தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு வேதம் வாசித்துக் காட்டலாம், மருத்துவமனைக்குத் துணையாகப் போகலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் தேவையைச் சபையில் சொல்லுங்கள். ஆதிச் சபையில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று சிலர் முறுமுறுத்த பிறகுதான் ஏழு பேரை அந்த வேலைக்கு நியமித்தார்கள் (அப்போஸ்தலர் 6). இந்த வாரமே போதகரைப் பார்த்துப் பேசுங்கள்.