கதை முடிந்த பிறகு யார் கணக்கைக் கட்டியது? நூலகரிடம் சில கேள்விகள்

அரசுப் பொது நூலகத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் நாவல், சினிமா, சீரியல் எல்லாவற்றையும் பெண்ணியப் பார்வையில் பேசலாம் என்று முடிவானது. கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போடச் சொன்னோம். பெயர் வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் போடவில்லை.

கல்லூரி மாணவி: பெண்ணியப் பார்வையில் படிப்பது என்றால் குற்றம் கண்டுபிடிப்பது என்றே என் நண்பர்கள் நினைக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது அக்கா?

ஒரே ஒரு கேள்வியிலிருந்து தொடங்கும்மா. கதை முடிகிறபோது எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும் இல்லையா, அப்படிச் சரியாவதற்கு யார் கைப்பொருளைக் கொடுத்தார்கள் என்று பார்.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' படித்திருப்பாய். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள். அப்புறம் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள், விஷயம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறாள். அந்தக் காலத்தில் இதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தாய் தன் மகளைக் காப்பாற்றியதை எத்தனையோ பேரால் தாங்க முடியவில்லை. அந்த அம்மா எனக்கு ரொம்பப் பெரிய மனுஷி.

ஆனாலும் அந்தத் தண்ணீரை நான் இன்னொரு தடவை பார்ப்பேன். சுத்தம் செய்ய வேண்டியது அந்தப் பெண்ணின் உடம்பைத்தான் என்பதைக் கதையும் ஒத்துக்கொள்கிறது. காரில் வந்தவன் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. ஜெயகாந்தனுக்கே அந்தக் கதை தீராமல் இருந்திருக்க வேண்டும். அம்மா அன்றைக்குக் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அதில் அந்தப் பெண் கங்காவை அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் படி. குற்றம் கண்டுபிடிப்பது என்று யாராவது சொன்னால், இவ்வளவு நேரம் ஒரு கதையோடு உட்கார்ந்திருப்பது அன்பில்லாமல் முடியுமா என்று கேள்.

தனியார் நிறுவன ஊழியர், 28 வயது: எனக்குப் 'படையப்பா' ரொம்பப் பிடிக்கும். இந்தக் கூட்டத்தில் அதைச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி. பிடித்ததை மறைத்துக்கொண்டு பேசினால் பேச்சு பொய்யாகிவிடும். 1999-ல் வந்த அந்தப் படத்தில் இன்றைக்கும் எல்லோர் மனதிலும் நிற்பது நீலாம்பரி. ரம்யா கிருஷ்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த அந்த உட்காருதலை எத்தனை பெண்கள் ரகசியமாக ரசித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவள் செய்த தப்பு என்ன? கடைசியில் அவள் கொலை வரைக்கும் போகிறாள், சரி. ஆனால் கதாநாயகன் பெண்களுக்குப் பாடம் எடுப்பது அதற்கெல்லாம் முன்னாலேயே. விரும்பியவனை விரும்புகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னது, குரலை உயர்த்தியது, இதற்கே அந்தப் பாடம். எதிரே தலைகுனிந்து நிற்கும் வசுந்தராவுக்குப் பரிசாக அவன் கிடைக்கிறான். நீலாம்பரி கடைசி வரை தலைகுனியாமலே சாகிறாள். திமிரை எழுதியவர்கள் அதற்கு ஒரே ஒரு வழியைத்தான் விட்டுவைத்தார்கள்.

1992-ல் வந்த 'மன்னன்' படத்தையும் சேர்த்துப் பாருங்கள். விஜயசாந்தி அதில் தொழிற்சாலை முதலாளி. படம் முடியும்போது அவர் வீட்டில் இருக்கிறார், கணவர் வேலைக்குப் போகிறார். தியேட்டர் கைதட்டுகிறது. அந்தத் தொழிற்சாலையை அதுவரை நடத்தியது யார் என்பது கைதட்டும்போது ஒருவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

சினிமா ஆர்வலர்: 'பெக்டெல் சோதனை' தமிழ்ப் படங்களுக்குப் பொருந்துமா?

தெரியாதவர்களுக்காக: படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. 1985-ல் அலிசன் பெக்டெல் என்ற அமெரிக்கப் பெண் வரைந்த சித்திரத் தொடரில் வந்தது. பொருத்திப் பாருங்கள், கண் திறக்கும். ஆனால் தேர்ச்சி பெற்ற படமெல்லாம் நல்ல படம் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு பெண்கள் அரை நிமிஷம் புடவை பற்றிப் பேசினாலும் பாஸ்தான்.

குடும்பத் தலைவி, 54 வயது: நான் சீரியல் பார்ப்பவள், ரமணிசந்திரன் நாவல் படிப்பவள். என் மகள் "இதெல்லாம் பிற்போக்கு, நீ மாறவே மாட்டியா" என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் நூலகத்துச் சாயங்காலங்கள் நினைவுக்கு வந்தன. காய்கறிப் பையோடு வந்து, கீரைக்கட்டுக்கு அடியில் நாவலை வைத்து எடுத்துக்கொண்டு போன பெண்கள் எத்தனையோ பேர். இலக்கிய வரிசைப் புத்தகங்களின் தேதிச்சீட்டில் வருடத்துக்கு இரண்டு முத்திரை விழும். இந்த நாவல்களின் தேதிச்சீட்டு நிரம்பி, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் நிரம்பியிருக்கும். அந்த வாசிப்பை மட்டமாகப் பேச எனக்கு மனசு வராது.

பெண்கள் கூட்டமாகப் படிப்பதை மட்டம் என்று சொல்வது பழைய வழக்கம். வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல் எழுதியவர். தொடக்கத்தில் அவருக்கு எழுதத் தெரியாது, தோழி பட்டம்மாளிடம் சொல்லிச் சொல்லி எழுதவைத்தார். 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து வருடக்கணக்காக நடத்தினார். தமிழ் நாவல் வரலாறு பேசுகிறவர்கள் பலர் அவரை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

அதற்காகச் சீரியல் எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. அறைவதும், விஷம் வைப்பதும், ஒரு பெண்ணை வீழ்த்த இன்னொரு பெண் சதி செய்வதும் எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் 'கோலங்கள்' அபி தொழில் நடத்தியதைப் பார்த்து வீட்டுக்குள் என்னென்ன பேச்சு நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். 'எதிர்நீச்சல்' ஓடியபோது, படித்த மருமகள்களைச் சமையலறையில் அடைத்த அந்த வீட்டைப் பற்றிப் பேசாத பெண்ணை எங்கள் தெருவில் நான் பார்க்கவில்லை. "எங்க மாமனாரும் இப்படித்தான்" என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் தன் கதையைச் சொல்ல, இரவு ஒன்பதரைக்கு வாசற்படியில் நடந்தது அது. உங்கள் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வாரம் பாருங்கள். அவள் கேட்கும் கேள்விகள் சீரியலைப் பற்றி இருக்கட்டும், உங்களைப் பற்றி வேண்டாம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பள்ளி ஆசிரியர்: பெண்ணியம் என்றாலே எல்லோரும் சமையலறையையே பேசுகிறார்கள். காட்டிலும் கழனியிலும் கூலிக்குப் போகிற பெண்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

நியாயமான கோபம். முதலில் சமையலறைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில், ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பத்துக்கு மருமகளாகப் போன மீனாட்சி, அந்த இருட்டுச் சமையலறைக்கு வெளியே இருக்கும் தாழ்வாரத்தை அகலமாக்கக் கேட்கிறாள். வெளியே பச்சை மலை தெரியும். அவள் கேட்ட பிறகு அங்கே துணிக்கொடிதான் கட்டப்படுகிறது, காயும் துணி மலையை மறைத்துவிடுகிறது. யாரும் அவளைத் திட்டவில்லை. 2021-ல் வந்த மலையாளப் படம் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' பார்த்தபோது எனக்கு அந்தத் துணிக்கொடி ஞாபகம் வந்தது. ஒழுகும் சிங்க் குழாயைச் சரிசெய்ய ஆளைக் கூப்பிடுங்கள் என்று அந்தப் படத்தின் மருமகள் சொல்லிக்கொண்டே இருப்பாள், கணவன் மறந்துகொண்டே இருப்பான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தலித் எழுத்தாளர் பாமாவின் 'சங்கதி' 1994-ல் வந்தது. அதில் மாரியம்மா என்ற பெண்ணிடம் நிலக்காரன் தவறாக நடக்கப் பார்க்கிறான். அவள் தப்பித்து ஓடிவருகிறாள். அவன் முந்திக்கொண்டு போய், அவள் ஒரு பையனோடு தவறாக இருந்ததாக அவள்மேலேயே பழி சொல்கிறான். சொந்த ஊர்ப் பஞ்சாயத்து கூடுகிறது, அவளோடு சேர்த்துப் பேசப்பட்ட பையனைவிட அவளுக்கே அதிக அபராதம். மேல்சாதிக்காரன் கை, சொந்தச் சாதி ஆண்களின் பஞ்சாயத்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு கூலிக்காரப் பெண். சாதியை எடுத்துவிட்டு இந்தக் கதையைப் படிக்கவே முடியாது. சிவகாமியின் 'பழையன கழிதலும்' நாவலும், தூத்துக்குடி உப்பளத்துக்கே போய்ப் பார்த்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவலும் உங்கள் பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டும். 1936-லேயே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தை உள்ளிருந்து பார்த்தவராக 'தாசிகள் மோசவலை' எழுதினார். சமையலறைக்கு வெளியே எழுதியவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள் சார். அலமாரியில் அவர்களைக் கண்ணுக்கு எட்டாத தட்டில் வைத்தது எங்களைப் போன்றவர்கள் செய்த பிழை.

ஓய்வுபெற்ற அலுவலர்: பெண் உடலைப் பற்றிப் பச்சையாக எழுதுவது மேல்நாட்டு இறக்குமதி, நம் மரபில் இல்லை என்பது என் கருத்து.

ஐயா, குறுந்தொகை 27-ஆம் பாட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கும். வெள்ளிவீதியார் பாடியது. "கன்றும் உண்ணாது கலத்தினும் படாது" என்று தொடங்கும். நல்ல பசுவின் பால் கன்றுக்கும் போகாமல் பாத்திரத்திலும் விழாமல் மண்ணில் கொட்டிப்போகிற மாதிரி, என் அழகு எனக்கும் ஆகாமல் என்னவனுக்கும் உதவாமல், பிரிவில் மேனி வெளிறும் பசலைக்கு இரையாகிறதே என்கிறாள். 'எனக்கும் ஆகாது' என்பதை முதலில் வைத்திருக்கிறாள் பாருங்கள், அவனுக்கு முன்னால் தன்னை. அந்தப் பாட்டில், பெண்ணின் இடைக்குக் கீழுள்ள பகுதியைச் சொல்லும் 'அல்குல்' என்ற சொல்லும் உண்டு. உரையாசிரியர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை.

குட்டி ரேவதியின் 'முலைகள்' கவிதைத் தொகுப்பு 2002-ல் வந்தபோது எவ்வளவு கண்டனம்! மாலதி மைத்ரி, சுகிர்தராணி, சல்மா என்று அப்போது எழுதிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஏச்சு வாங்கினார்கள். அந்தச் சொல்லை ஆண் கவிஞர்கள் காலங்காலமாக வர்ணனைக்கு எழுதியிருக்கிறார்கள். பெண் தன் உடம்பைத் தன் வாயால் சொன்னதும் பண்பாடு கெட்டுப்போனது. தயவுசெய்து அந்தத் தொகுப்பையும் குறுந்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாள் படியுங்கள்.

வங்கி ஊழியர்: 'அவள் ஒரு தொடர்கதை' பார்க்கும்போதெல்லாம் என் அம்மா அழுவார். அது பெண்ணியப் படமா?

1974-ல் ஒரு பெண்ணின் சம்பளத்தை நடுவில் வைத்துப் படமெடுத்தது பெரிய விஷயம். நடிகை சுஜாதா நடித்த கவிதா சிடுசிடுப்பாள், கணக்குக் கேட்பாள், குடிகார அண்ணனை வெளுத்து வாங்குவாள். தியாகி என்றால் சாந்தமாக இருக்க வேண்டும் என்ற சட்டத்தை அவள் உடைத்தாள். ஆனால் முடிவில் அண்ணன் இறக்கிறான், தன் மாப்பிள்ளையைத் தங்கைக்குக் கட்டிவைத்துவிட்டு அவள் மறுபடியும் வேலைக்குப் போகிறாள். நான் முதல் பதிலில் சொன்ன கணக்கு இங்கே அப்படியே வருகிறது. அம்மா எந்தக் காட்சியில் அழுகிறார் என்று கேட்டுப் பாருங்களேன். அவர் யாருக்காக எதை விட்டுக்கொடுத்தார் என்பது ஒருவேளை அப்போது தெரியவரும்.

இளம் தாய்: சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' பாதிவரை படித்தேன். மூச்சு முட்டுகிறது. மூடி வைத்துவிட்டேன். தப்பா?

தப்பே இல்லை. எனக்கும் இரண்டு தடவை மூட வேண்டி வந்தது. வயதுக்கு வந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர் சல்மா. மறைத்து மறைத்து எழுதியவர். அந்த மூச்சுமுட்டல் அங்கிருந்து வருவது. ஆனால் அந்த நாவலில் பெண்கள் தங்களுக்குள் பேசும் கேலியும் கொச்சையும் இருக்கிறதே, இரவில் ஒருத்தி வீட்டில் கூடிச் சிரிக்கும் சிரிப்பு, அதை விட்டுவிடாதீர்கள். குழந்தை தூங்கிய பிறகு பத்துப் பக்கம் போதும். அடுத்த கூட்டத்துக்குக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பாய் விரித்து வைக்கிறேன்.