கேளு மக்ளே: ஹெட்ஃபோன்ல இருந்த பாஸ் எங்க போச்சு?

கேள்வி: அண்ணா, ரெண்டு வருஷமா எஃப்எல் ஸ்டூடியோங்குற மியூசிக் சாஃப்ட்வேர்ல ட்ராக் பண்ணுறேன். ஹெட்ஃபோன்ல செமயா இருக்கு, ஃப்ரெண்டுக்க கார்ல போட்டா பாஸே, அந்த கனமான அடிச்சத்தமே, காணல. சன்பர்ன் மாதிரி ஒரு டான்ஸ் மியூசிக் ஃபெஸ்டிவலுக்கு முதல் தடவ போறேன். ஆடவா, படிக்கவா? பென்ட்ரைவ்ல டெமோ கொண்டு போலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: மக்ளே, முதல்ல நல்லா ஆடு, காசு குடுத்துத்தானே போற. பிறவு ஸ்டேஜுக்கு நேரா சவுண்ட் எஞ்சினியர் உக்காந்திருக்க கூடாரத்துப் பக்கம் போய் நில்லு, மிக்ஸ் பண்ணுறதே அங்க கேக்குறத வச்சுத்தான், ஸ்பீக்கர் அடியில நின்னா நெஞ்சு அதிரும், வேற ஒண்ணும் புரியாது. கிக், அதான் டும்முன்னு அடிக்குற ட்ரம், விழும்போது பாஸ் லேசா பதுங்கி உடனே எழும்பும் பாரு, அதான் சைட்செயின், கிக்குக்கு பாஸை வழிவிட வைக்குறது. உனக்க பாஸ் காணாமப் போறதுக்கு, சப் பாஸை, அதான் ரொம்ப அடியில உள்ள பாஸை, ஸ்டீரியோல இடம் வலம்னு விரிச்சு வச்சிருக்கியோன்னு எனக்கு சந்தேகம், 100 ஹெர்ட்ஸுக்கு கீழ மோனோ ஆக்கி, அதாவது ரெண்டு பக்கமும் ஒண்ணு போல கேக்க வச்சு, மறுபடி அதே கார்ல போட்டுப் பாரு.

இயர்ப்ளக் கட்டாயம். 100 டெசிபல்ல 15 நிமிஷத்துக்கு மேல காதுக்கு ஆபத்து. கோயில் கொடையில சிங்காரி மேளத்துக்குப் பக்கத்துல நின்னுட்டு வந்து ராத்திரி முழுக்க காது இரையும்லா, அதுதான் இங்கயும்.

டெமோவா? ஸ்டேஜுல வாசிச்சிட்டிருக்க டிஜேகிட்ட பென்ட்ரைவ் நீட்டாத. நல்ல ட்ராக் ஒண்ணே ஒண்ண லிங்க்கா, பாட்டு வெளியிடுற கம்பெனியான லேபிளுக்கு அனுப்பு.