மீனைத் தேர்ந்தெடுப்பது எது?

கேள்வி: கண்ணங்குறிச்சி மூக்கனேரியில் தாத்தா ஊத்தா என்ற கூம்புக் கூடையைக் குத்தி மீன் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அண்மையில் பழவேற்காடு சென்றபோது, மீன் பிடிக்கும் பழைய மூங்கில் கூடுகள் மீன் குஞ்சுகளை விட்டுவிட்டுப் பெரிய மீனை மட்டுமே பிடிக்கும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? வலையைவிட அவற்றில் மீன் குறைவாகத்தானே விழும்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பழையது என்பதற்காக எந்தக் கூடும் குஞ்சுகளை விட்டுவிடுவதில்லை. கூட்டின் வாய் உள்நோக்கிக் குவிந்திருப்பதால் மீன் எளிதில் நுழைந்துவிடும். திரும்பும்போது அந்தச் சிறு துளையைக் காணாமல் சுவரை ஒட்டியே சுற்றிவரும். பிளாச்சுகளுக்கு (பிளந்த மூங்கில் பட்டைகளுக்கு) நடுவிலுள்ள சந்துதான் அதற்கு மிஞ்சும் வழி. வலைக்கண்ணில் மீனின் சுற்றளவு கணக்கு என்றால், நெடுக்குச் சந்தில் உடம்பின் தடிமன் கணக்கு. எனவே ஒரே நீளமுள்ள இரண்டில் தட்டையான காரல் நழுவிப் போகும், உருண்ட மடவை மாட்டிக்கொள்ளும். ஏற்காட்டு அடிவாரத்தில் கூடை முடைபவர் பிளாச்சை நெருக்கியும் தளர்த்தியும் முடைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெருக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்குக் கவலை தருவது இறால். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, முழு வளர்ச்சி அடையும் முன்பே கடலுக்குத் திரும்புகின்றன. அந்தப் பாதையில், நீர் வடியும் நேரத்தில், நெருக்கிப் பின்னிய கூட்டையோ சிறுகண் வலைப்பையையோ கட்டினால், ஒருமுறைகூட முட்டையிடாத இறால்களே வந்து விழும். பழவேற்காட்டின் ‘பாடு’ முறை யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஒழுங்குபடுத்துகிறது. வலைக்கண்ணின் அளவு தனிப் பிரச்சினை.

ஓர் இரவில் விழும் மீனை மட்டும் எடைபோட்டால், பல இடங்களில் வலையே முந்தும். ஆனால் கூட்டுக்கு எரிபொருளும் காவலும் வேண்டாம். செவுள் மாட்டி வலையில் செத்துப்போகும் மீன் கூட்டில் உயிரோடு இருப்பதால், வேண்டாததைத் திரும்ப நீரில் விடலாம். இரண்டு இரவு போட்டுவைத்தால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். கூடு நிரம்ப நிரம்பப் புதிய மீன் நுழைவது குறையும், சில வழி கண்டு வெளியேறும், நண்டு இருந்தால் மற்றதைத் தின்றும் விடும். தொலைந்துபோன மூங்கில் கூடு சேற்றில் மட்கிவிடும். நைலான் கூடு ஆளில்லாமலே நெடுங்காலம் மீனைக் கொன்றுகொண்டிருக்கும்.

தாத்தாவின் ஊத்தா இந்தக் கணக்கில் சேராது. அது மேலும் கீழும் திறந்த கூம்புக் கூடை. மீனின் அசைவைப் பார்த்து அமுக்கி, மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவி எடுக்க வேண்டும். சிறியது கையில் அகப்பட்டால் அங்கேயே விட்டுவிடலாம். இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறினால் ஊத்தா உதவாது. பழவேற்காட்டுக் கூடோ இரவெல்லாம் நீரடியில் தானாகவே வேலை செய்கிறது.